காசு கொடுத்த விளையாட்டு யாருக்குச் சொந்தம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோவில்பட்டியில் கணினி சர்வீஸ் கடை வைத்திருப்பவன். 2003 முதல் 2012 வரை அதே இடத்தில் ஆறு கணினிகளோடு பிரவுசிங் சென்டர் நடத்தினேன். எல்லார் போனிலும் நெட் வந்த பிறகு சென்டருக்கு ஆள் வரவில்லை. மேசைகளை எடுத்துவிட்டு சர்வீஸுக்கு மாறினேன். காலையில் கடை திறந்ததும் உங்கள் நாளிதழை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வணிகப் பக்கத்தில், கணினி விளையாட்டு விற்கும் இணையக் கடைகளுக்குள் நடக்கும் போட்டி பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. தமிழ்ப் பத்திரிகையில் கணினி விளையாட்டு என்று வந்தால் பெரும்பாலும் அது ரம்மியில் பணம் போன கதையாகத்தான் இருக்கும். ஸ்டீம், எபிக் என்ற அந்தக் கடைகளின் பெயர்களை அச்சில் பார்ப்பதே அபூர்வம். ஆனால் கடைசிப் பத்தியில், கடைகள் அடித்துக்கொண்டால் வாங்குகிறவருக்குத்தான் லாபம் என்று முடித்திருந்தார்கள். அதில் பாதிதான் சரி. மீதிப் பாதி தினமும் என் மேசைக்கு வருகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பிளஸ் டூ படிக்கிற பையன் ஒருவன் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புதிதாக எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸ் ஏற்றி, ஆன் செய்து காட்டினேன். காசைக் கொடுத்துவிட்டும் கிளம்பாமல் நின்றான். “அண்ணாச்சி, பழைய கேம் எல்லாம் திரும்ப வருமா?” என்று கேட்டான். “இணையக் கடையில் வாங்கினதுதானே தம்பி, உள்ளே போய்த் திரும்ப டவுன்லோட் போட்டுக்கோ” என்றேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. கணக்கு அவன் அண்ணன் பெயரில் இருக்கிறது. அண்ணன் இப்போது துபாயில். கணக்கைத் திறக்கக் கேட்கும் எண் ஒரு பழைய மெயிலுக்குப் போகிறது. அந்த மெயிலைத் திறக்கக் கேட்கும் எண், அண்ணன் ஊரைவிட்டுப் போகும்போது விட்டுவிட்ட சிம்முக்குப் போகிறது. பணம் கட்டிய கார்டு அவர்கள் அப்பாவுடையது. அதையும் வங்கி மாற்றிக் கொடுத்துவிட்டது.

பையன் பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தான். அண்ணன் கையெழுத்து. ஒவ்வொரு வரியிலும் விளையாட்டின் பெயர், வாங்கின தேதி, விலை. தீபாவளித் தள்ளுபடியில் 249 ரூபாய், பொங்கலுக்கு 180 ரூபாய், பரீட்சை முடிந்ததற்கு 499 ரூபாய். நாற்பத்து மூன்று வரிகள். அப்பா நூல் மில்லில் ஷிப்ட் பார்ப்பவர். ஒவ்வொன்றையும் அவரிடம் கேட்டுக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அண்ணனை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கடையின் வாடிக்கையாளர் உதவிக்கு நானே மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் ஒரே பதில்: கணக்கு அதைத் தொடங்கியவருக்கு மட்டுமே உரியது, இன்னொருவருக்கு மாற்ற முடியாது, தொடங்கியவர்தான் என்பதற்கான சான்றும் போதாது. கடையின் பெயரை எழுதவில்லை. இந்த விதி அந்த ஒரு கடையில் மட்டும் இருப்பதல்ல.

அண்ணன் ஓட்டின சைக்கிள் தம்பிக்கு வருகிறது. அண்ணன் படித்த கைடு வருகிறது, அவன் ஆடின பேட்டும் வருகிறது. நாற்பத்து மூன்று விளையாட்டில் ஒன்றுகூட வரவில்லை.

என் கடை அலமாரியில் 2005, 2006இல் வாங்கிய அசல் விளையாட்டு வட்டு (சிடி) பெட்டிகள் நான்கு இன்னும் இருக்கின்றன. விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய கணினி ஒன்றும் வைத்திருக்கிறேன். பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் கீயை அடித்தால் இன்றைக்கும் அவை ஓடும். யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்லவும் மாட்டேன். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி எழும்பூரில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனால், அசலுக்குப் பத்தில் ஒரு பங்கு விலையில் பிளாஸ்டிக் உறையில் நகல் வட்டு கிடைக்கும். நானும் வாங்கியிருக்கிறேன். அசல் எங்கள் ஊரில் கிடைக்காது, கிடைத்தாலும் சென்டர் வருமானத்துக்குக் கட்டுபடியாகாது. அது தப்பு என்பது அப்போதே தெரியும்.

அந்தத் தப்பிலிருந்து எங்களை வெளியே கொண்டுவந்தது ஸ்டீம் என்ற இணையக் கடை. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் அதைத் தொடங்கியது. அடுத்த வருடம் நவம்பரில் அவர்களுடைய ஹாஃப் லைஃப் 2 என்ற விளையாட்டு வந்தபோது, வட்டுப் பெட்டி வாங்கியவரும் ஸ்டீமில் பதிந்தால்தான் ஆட முடியும் என்று வைத்தார்கள். அன்றைக்கு இருந்த நெட் வேகத்தில் உலகம் முழுக்க அதைத் திட்டாதவர் இல்லை. ஆனால் வால்வின் தலைவர் கேப் நியூவெல், திருட்டு நகலுக்கு முக்கியக் காரணம் விலை இல்லை, சேவை சரியில்லாததுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் ஊரைப் பொறுத்தவரை அது உண்மையாகிவிட்டது. 2015 நவம்பரில் ரூபாயில் விலை போட்டார்கள். பிறகு யுபிஐ வந்தது. ‘காப்பி போட்டுத் தாங்க அண்ணாச்சி’ என்று பையன்கள் வந்து நிற்பது ஒரு கட்டத்தில் தானாகவே நின்றுபோனது. போலீஸ் சோதனையால் நிற்காதது, நியாயமான விலையால் நின்றது. இதற்கு ஸ்டீமுக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன்.

இப்போது போட்டிக்கு வருகிறேன். எங்கள் பக்கம் மிளகாய் வத்தல் மூட்டையைக் கமிஷன் கடையில் இறக்குகிற விவசாயிக்கு இது சட்டென்று புரியும். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு விளையாட்டு விற்றால் ஸ்டீம் 300 ரூபாய் எடுத்துக்கொள்ளும், செய்தவருக்கு 700. பல வருடம் இதை யாரும் அசைக்கவில்லை. 2018 டிசம்பரில் எபிக் கேம்ஸ் தனிக் கடை திறந்து, எனக்கு 120 போதும், 880 உனக்கு என்றது. ஃபோர்ட்நைட் என்ற ஒரே விளையாட்டில் கொட்டிய பணம் அவர்களுக்கு இருந்தது. அது வருவதற்குச் சில நாள் முன்னால்தான் ஸ்டீமும் விகிதத்தை மாற்றியிருந்தது. எப்படி? ஒரு கோடி டாலருக்கு மேல் விற்றால் கமிஷன் 25 சதவீதம், ஐந்து கோடி டாலரைத் தாண்டினால் 20 சதவீதம். அதாவது பெரிய கம்பெனிக்குக் குறைத்தார்கள், சின்னவருக்கு அதே 30. இது எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. பத்து மூட்டை போடுகிறவனிடம் முழுக் கமிஷனும் ஆயிரம் மூட்டை போடுகிறவனிடம் குறைந்த கமிஷனும் வாங்கினால், பத்து மூட்டைக்காரன் எப்படித்தான் மேலே வருவான்?

2021 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட்டும் தன் கடையில் கணினி விளையாட்டுகளுக்கு 12 சதவீதமாகக் குறைத்தது. 2025 ஜூனிலிருந்து எபிக், ஒவ்வொரு விளையாட்டுக்கும் வருடத்தில் முதல் பத்து லட்சம் டாலர் விற்பனை வரை கமிஷனே வேண்டாம் என்றுவிட்டது. இட்ச் என்ற சின்னக் கடையில், கடைக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைச் செய்தவரே முடிவு செய்யலாம். பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் தன் முதல் விளையாட்டை அங்கேதான் ஏற்றியிருக்கிறார். ஸ்டீமில் ஏற்ற ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் முன்பணம் கட்ட வேண்டும். ஆயிரம் டாலருக்கு விற்றால்தான் அது திரும்பக் கிடைக்கும். முதல் முயற்சிக்கு அவரால் அது முடியவில்லை. ஆக, இந்தப் போட்டியில் நிஜமாகவே நல்லது நடந்திருக்கிறது. நடந்தது விளையாட்டைச் செய்கிறவர்களுக்கு. அதில் எனக்கு முழு மகிழ்ச்சிதான். 2023இல் வெண்பா என்று ஒரு விளையாட்டு வந்தது. டொரன்டோவில் இருக்கும் ஒரு சின்னக் குழு செய்தது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைதான் கதை. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியது. என் மனைவி கணினி விளையாட்டு என்று உட்கார்ந்து ஆடி முடித்தது வாழ்க்கையில் அது ஒன்றுதான். இட்லிப் பானையில் எந்தத் தட்டை முதலில் வைப்பது என்று எனக்கே பாடம் நடத்தினாள். அப்படிப்பட்டவர்களுக்கு நூற்றுக்குப் பதினெட்டு ரூபாய் கூடக் கிடைத்தால் அடுத்த விளையாட்டைச் செய்ய அது உதவும்.

ஆனால் வாங்குகிறவருக்கு என்ன வந்தது? கமிஷன் குறைந்தால் விலை குறையும் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். எனக்குத் தெரிந்து அப்படிக் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது மெட்ரோ எக்ஸோடஸ் என்ற ஒரே விளையாட்டுதான். 2019 பிப்ரவரியில் எபிக்குக்கு மட்டும் என்று வந்தபோது, அமெரிக்காவில் 60 டாலரிலிருந்து 50 டாலராக்கினார்கள். அதுவும் அமெரிக்காவில் மட்டும். ஸ்டீமில் முன்பதிவு ஓடிக்கொண்டிருந்த விளையாட்டை வெளியாக மூன்று வாரம்கூட இல்லாதபோது அங்கே விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஸ்டீமுக்கு அது வர ஒரு வருடம் ஆனது. பார்டர்லேண்ட்ஸ் 3 என்ற விளையாட்டு ஆறு மாதம் கழித்து வந்தது. ஒரு கடையில் கிடைப்பதை இன்னொரு கடையில் கிடைக்காமல் செய்வதற்குப் பணம் கொடுப்பதைப் போட்டி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எபிக் கடையில் பல பொருளை ஒன்றாகப் போட்டு வாங்கக் கூடை வந்ததே 2021 டிசம்பரில்தான். மூன்று வருடம்!

வேறு கடையில் விலை குறைத்து விற்க ஸ்டீம் விடுவதில்லை என்று வுல்ஃபயர் என்ற விளையாட்டு நிறுவனம் 2021இல் சியாட்டிலில் வழக்குப் போட்டிருக்கிறது. வால்வ் அதை மறுக்கிறது. 2024 நவம்பரில் அதைப் பலர் சார்பில் ஒன்றாக நடத்தும் குழு வழக்காக நடத்த நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. உங்கள் செய்தியாளர் யாராவது அதைத் தொடர்ந்து எழுதினால் நான் கட்டாயம் படிப்பேன்.

எபிக் இலவசமாகக் கொடுப்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஊரடங்கின்போது, 2020 மே மாதம், ஜிடிஏ 5 என்ற பிரபல விளையாட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். கூட்டம் தாங்காமல் கடையே பல மணி நேரம் முடங்கியது. அடுத்த வாரம் சிவிலைசேஷன் 6. கயத்தாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் அதைக் கணக்கில் சேர்த்து வைத்துவிட்டார், ஆனால் டவுன்லோட் செய்ய வழியில்லை. தினம் ஒன்றரை ஜிபி தரும் சிம் ஒன்றுதான் வீட்டில், அதில்தான் அவருக்கும் தங்கைக்கும் ஆன்லைன் வகுப்பு. தளர்வு வந்ததும் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் சிபியுவை வைத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். என் கடை ஃபைபர் இணைப்பில் ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் வந்து திரையைப் பார்த்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த ஊரில் வேறு எப்படியும் அவரால் அந்த விளையாட்டை வாங்கியிருக்க முடியாது. அந்த மாதிரி நூறு பையன்களுக்கு நல்லது செய்த கடையை நான் குறை மட்டும் சொல்ல மாட்டேன்.

இருந்தாலும் இலவசமாக வந்ததும் கணக்கு என்கிற அதே பூட்டுக்குள்தான் இருக்கிறது. இப்போது என்னிடம் ‘சிஸ்டம் ரொம்ப ஸ்லோ’ என்று வருகிற எட்டு ஜிபி ரேம் கணினிகளில் பாதியைத் திறந்தால் ஒரே காட்சி. ஆன் செய்ததுமே ஸ்டீம், எபிக், ஈஏ, யுபிசாஃப்ட் என்ற விளையாட்டு நிறுவனங்களின் சொந்தக் கடைகள் என்று நான்கு கடைச் செயலிகளும் வரிசையாக எழுந்து உட்கார்ந்துகொள்கின்றன. யுபிசாஃப்ட் விளையாட்டு ஒன்றை ஸ்டீமில் வாங்கினால், ஸ்டீம் திறந்து, அது யுபிசாஃப்டைத் திறந்து, அது தனியாக ஒரு கணக்குக் கேட்டு, அப்புறம்தான் விளையாட்டு வரும். நான்கு கடைக்காரரும் நம் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. தானாகத் தொடங்குவதை நிறுத்திவிட்டு அனுப்புகிறேன். இதற்கு நான் காசு வாங்குவதில்லை.

முக்கியமான விஷயம் இதுதான். இத்தனை கடைகளும் கமிஷனில் போட்டி போடுகின்றன, தள்ளுபடியில் போட்டி போடுகின்றன, இலவசத்தில் போட்டி போடுகின்றன. வாங்கினது உனக்கே சொந்தம் என்று சொல்வதில் போட்டி போடும் கடை, பெரிய கடைகளில் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். போலந்து நாட்டில் 2008இல் தொடங்கிய ஜிஓஜி. அங்கே வாங்கினால் இன்ஸ்டாலரை முழுசாக இறக்கி ஹார்ட் டிஸ்கில் வைத்துக்கொள்ளலாம். நெட் வேண்டாம், கடைக்காரர் அனுமதியும் வேண்டாம். நாளைக்கு அந்தக் கடையே மூடினாலும் அது ஓடும். அதைத் தொடங்கிய சிடி பிராஜெக்ட் நிறுவனத்தின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதை ஆரம்பித்த இருவரும் வார்சாவில் ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான ஒரு சந்தையில், நகல் வட்டுகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள். 1994இல் கம்பெனி தொடங்கினார்கள். 1999இல் பால்டர்ஸ் கேட் என்ற விளையாட்டைப் போலிஷ் மொழியில் மாற்றி, வரைபடமெல்லாம் வைத்துப் பெரிய பெட்டியாகக் கொடுத்து, நகல்காரர்களைத் தோற்கடித்தார்கள். வாங்குகிறவரை நம்பிக் கொடுத்தால் அவர் காசு கொடுப்பார் என்பது அவர்களுக்கு அனுபவம். ஜிஓஜியில் குறை இல்லாமல் இல்லை. பல பெரிய நிறுவனங்கள் புது விளையாட்டை அங்கே தருவதே இல்லை. பூட்டு இல்லாத கடை என்றால் அவர்களுக்குப் பயம்.

அந்தப் பூட்டு என்ன செய்யும் என்பதை யுபிசாஃப்டின் தி க்ரூ காட்டியது. 2014இல் வந்த கார் பந்தய விளையாட்டு. 2024 மார்ச் 31ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். தனியாளாக ஆடுகிறவருக்கும் ஓடவில்லை. பிறகு வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையே எடுத்தார்கள். விற்ற விளையாட்டை இப்படி முடக்கக் கூடாது என்று அதிலிருந்து கிளம்பிய இயக்கம்தான் ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், உரிமம் மட்டும் கொடுத்துவிட்டு ‘வாங்குங்கள்’ என்று பொத்தான் வைக்கக் கூடாது, அது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஸ்டீம் 2024 அக்டோபரிலேயே பணம் கட்டும் பக்கத்தில் அதற்கு ஒரு வரி சேர்த்தது. என் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. முப்பதுக்குப் பக்கமான மொழிகளில் திறக்கிற ஸ்டீமுக்குத் தமிழ் முகப்பு கிடையாது.

பணம் திரும்பக் கொடுப்பது எப்படி வந்தது என்று பாருங்கள். ஈஏ தன் கடையில் 2013இல் தொடங்கியது. 2014இல் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் வால்வ் மீது வழக்குப் போட்டது. 2015 ஜூனில், வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் என்றால் பணம் திரும்ப என்று ஸ்டீம் அறிவித்தது. 2016இல் நீதிமன்றம் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதமும் போட்டது. ஒரு பக்கம் போட்டி, ஒரு பக்கம் சட்டம், இரண்டும் நெருக்கின பிறகுதான் வந்தது. சொந்தம் கொண்டாடும் உரிமையும் அப்படித்தான் வரும் என்று நம்புகிறேன்.

நம் நாட்டில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, இணைய வணிகத்துக்கு 2020இல் போட்ட விதிகளும் இருக்கின்றன. கைபேசிச் செயலிக் கடை விஷயத்தில் போட்டி ஆணையம் 2022இல் கூகுளுக்கு 936 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் தொகை குறைந்தது என்றாலும், கேட்க ஆள் உண்டு என்று காட்டியது. கணினி விளையாட்டுக் கடைகள் பக்கம் இன்னும் யாரும் திரும்பவில்லை. நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. விற்பது பொருளா, அனுமதியா என்பதை விலைக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில், இந்திய மொழிகளில் போடட்டும். ஒரே குடும்பத்துக்குள் அண்ணனிடமிருந்து தம்பிக்கும், இறந்தவரிடமிருந்து வாரிசுக்கும் கணக்கை மாற்ற வழி வைக்கட்டும். ஸ்டீமில் ஒரு வீட்டுக்குள் ஆறு பேர் பகிர்ந்துகொள்ளும் வசதி 2024இல் வந்திருக்கிறது, அது நல்ல ஆரம்பம். ஆனால் துபாயில் இருக்கிற அண்ணனுக்கும் இங்கே இருக்கிற தம்பிக்கும் அது பயன்படாது. சர்வரை நிறுத்துகிறவர்கள், நிறுத்தும் முன் தனியாக ஓடும்படி ஒரு பதிப்பைக் கொடுத்துவிட்டு நிறுத்தட்டும். இதில் உங்கள் நாளிதழ் ஒரு தலையங்கம் எழுதினாலும் பேருதவி.

அந்த நோட்டுக்காரப் பையன் புதிதாக ஒரு கணக்குத் தொடங்கியிருக்கிறான். மெயில், போன் நம்பர் எல்லாம் அப்பா பெயரில் போட்டுக் கொடுத்தேன். அவன் ஒருவன் இல்லை, எங்கள் ஊரில் இப்படிப் பலர் இருக்கிறார்கள். பிரவுசிங் சென்டரில் அவசரத்துக்குத் தொடங்கின மெயில், மாமா நம்பர், விட்டுப்போன சிம் என்று கணக்கை வைத்திருப்பவர்கள், அது இன்னும் திறக்கிற நிலையில் இருக்கும்போதே உங்கள் சொந்த மெயிலுக்கும் இப்போதைய எண்ணுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். கோவில்பட்டி சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு வந்தால் நானே உட்கார்ந்து மாற்றித் தருகிறேன். கட்டணம் கிடையாது. பேருந்து நிலையத்தில் இறங்கி, பழைய பிரவுசிங் சென்டர் எது என்று கேட்டால் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கணினி சர்வீஸ் கடைக்காரர்,
கோவில்பட்டி.